ஊசி அமரும் இடம்

மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் பிரதேச செயலகப் பிரிவில், கட்டுக்கரைக்குளத்தின் நீரை நம்பிய வயல்கள் உள்ளேயும் வங்காலை மீன்பிடிக் கிராமம் கடலோரத்திலும் அமைந்திருக்க, அக்கரையில் பாய் விரித்துச் சென்ற வள்ளங்களின் இடத்தை இன்று வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துக்கொண்டுள்ளன. வயதான இயந்திரமொன்றைக் கழற்றிப் புதுப்பிக்கும்போது பிஸ்டனும் சிலிண்டரும் பார்ப்பவர் கண்ணை முதலில் இழுத்தாலும், கைத்திறனின் நுட்பம் முழுமையாக வெளிப்படுவது உள்ளங்கையில் அடங்கும் காபரேற்றரில்தான். உறிஞ்சப்படும் காற்று ஒடுங்கிய கழுத்தொன்றினூடாக விரையும்போது அங்கே அழுத்தம் குறைய, அக்குறைவினால் மேலெழும் எரிபொருளைத் தூவலாக்கிக் காற்றோடு கலந்துவிடும் கருவி அது. 1893இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தூவற் காபரேற்றரின் அடிப்படை அதன்பின் மாறவில்லை.

மன்னார்க் கடலில் இக்கருவிக்கு வாய்த்த சோதனை மண்ணெண்ணெய். பெற்றோலைவிடக் கனமானதும் எளிதில் ஆவியாகாததுமான அது குளிர்ந்த இயந்திரத்தில் தீப்பற்ற மறுப்பதால், பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புவதும் முறை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடபகுதியின் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதால், காபரேற்றரின் குணமறிந்த கைகள் கடற்கரைக்கு அப்பாலும் பெருகின.

உதிரிப்பாகப் பொதியில் வருபவற்றுள் மிகச் சிறியதே மிகுந்த கவனத்தைக் கேட்கிறது. மிதவை அறை எனப்படும் சிறு கிண்ணத்தில் எரிபொருள் நிரம்ப நிரம்ப மிதவை உயர்ந்து, கூர்நுனி ஊசியொன்றை மேலே தள்ள, அவ்வூசி ‘சீட்’ எனப்படும் பித்தளை வாயில் அமர்ந்து வரத்தை அடைக்கிறது. படகு அலையில் குலுங்கும்தோறும் ஊசி அவ்வாயில் ஓயாமல் தட்டுவதால், காலப்போக்கில் நுனியைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு வளையத் தேய்வு விழுகிறது. மற்றவர் உருப்பெருக்கியில் தேடும் அதைப் பழகியவர் விரல் நகத்தை ஓட்டியே கண்டுகொள்வார். பழைய சீட்டில் புது ஊசியை இடுவது சிக்கனமாகத் தோன்றினாலும், தேய்ந்த வாயும் தேயாத நுனியும் ஒன்றையொன்று முழுவட்டமாகத் தொடாமற்போகக்கூடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் தகும். பின்னர் காபரேற்றரைக் கவிழ்த்து, விளிம்பிலிருந்து மிதவை நிற்கும் உயரத்தை அளந்து, கையேட்டின் அளவு வரும்வரை மிதவையின் சிறு நாக்கை வளைக்க வேண்டும். அப்போது ஊசிநுனி சீட்டில் நசுங்காதபடி மிதவையைத் தூக்கிப் பிடித்து, நாக்கை மட்டும் இம்மியளவு அசைக்கும் விரல்களின் நிதானம் கண்டு ரசிக்கத்தக்கது. கவிழ்த்த நிலையில் எரிபொருள் வரும் குழாயில் வாயால் ஊதினால் மூச்சு அடைபட வேண்டும், நிமிர்த்தினால் தாராளமாகச் செல்ல வேண்டும். கருவி எதுவும் வேண்டாத இச்சோதனையைப் போல அழகானது பட்டறையில் வேறில்லை.

எரிபொருளை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைத் திருகே ‘ஜெட்’. உப்பீரத்தில் பச்சை படர்ந்து அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்தித் திறக்கும் பழக்கம் பரவலாக இருப்பது வருந்தத்தக்கது. 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை 1.05 மில்லிமீற்றராக அகன்றால் அதன் பரப்பு சுமார் 10 சதவீதம் கூடிவிடுகிறது, பாயும் எரிபொருளும் ஏறத்தாழ அவ்வாறே கூடுகிறது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, கண்ணுக்குப் புலப்படாத அந்த அகலிப்பு கடற்றொழிலாளியின் மடியை எப்படிக் கரைத்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் பொதியில் வராத ஒன்றே தேர்ந்த மெக்கானிக்கை அடையாளம் காட்டுகிறது. காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தட்டைத் தாங்கும் தண்டு, தான் சுழலும் துளையை ஆண்டுக்கணக்கில் அரைத்து அகலப்படுத்த, அவ்விடைவெளியால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. காஸ்கெட், ஊசி, ஜெட் யாவும் புதியவையாக இருந்தும் இயந்திரம் சீராக நிற்காதபோது, மேலும் பாகங்களை வாங்கச் சொல்லாமல் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, துளையைத் துளைத்துப் பெருக்கிப் பித்தளைப் புஷ் இறக்குபவரே பழைய இயந்திரத்தை உண்மையில் அறிந்தவர். இது வெறும் நேர்த்தி சார்ந்த விடயமன்று: எரிபொருளோடு ஒயிலையும் கலந்துவிடும் டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்தால் ஒயிலும் உடன் குறைய, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக் கரை தெரியாத தூரத்தில் படகு நின்றுவிடக்கூடும்.

பூட்டிய இயந்திரத்தின் கீழ்ப்பகுதியை நீர் நிறைந்த பீப்பாயில் இறக்கி, குளிர்விக்கும் நீர் வரக் கண்டு, மெதுவோட்டத் திருகைச் சரிசெய்வது வழமையாயினும், பீப்பாயில் இனிமையாக ஓடுவது கடலில் வலையும் ஆட்களும் ஏறிய சுமைக்குப் போதுமான சான்றாகாது. ஆகவே முழு வேகத்தில் ஓடி நிறுத்திய கையோடு பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்கிறார்கள். கருமை படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, தவிட்டு நிறமானால் சரி. வெளுத்த நுனியைக் கண்டபின் கரைக்குத் திரும்பி, அன்றுதான் பூட்டிய அனைத்தையும் மறுபடி கழற்றுவது பெரும் அலுப்புத் தரும் வேலை. அதைத் தள்ளிப்போடாதவரிடமே படகுக்காரர்கள் தங்கள் அடுத்த இயந்திரத்தையும் கொண்டுவருவர்.