நேட்டால் தமிழரின் முன்னோர் தேடல்: கப்பல் பட்டியலும் குடும்ப நினைவும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் தம் முதல் தலைமுறையைத் தேடும்போது இருவகைச் சான்றுகள் கிடைக்கின்றன. ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த கப்பல்களின் பயணியர் பட்டியல். மற்றொன்று, வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்த செய்தி. இரண்டும் முரண்பட்டால் பட்டியலே உண்மை, செய்தி மங்கிய நினைவு என்று முடிவுசெய்வது வழக்கமாக உள்ளது. இம்முடிவு பாதி அளவே சரியானது.

பின்னணி

முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911-இல் இம்முறை நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள்; பெரும்பாலும் தமிழர், தெலுங்கர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டன.

ஆய்வு நூல்கள்

சுரேந்திர பானா 1991-இல் வெளியிட்ட நூல் இப்பட்டியல்களையே அடிப்படையாகக் கொண்டது. எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர், ஆண் பெண் விகிதம் என்ன என்பன போன்ற கேள்விகளுக்கு இம்முறை நல்ல விடை தருகிறது. ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கூட்டும்போது எழுத்தரின் சில பிழைகள் முடிவைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தைத் தேடுபவருக்கு இருப்பது ஒரே ஒரு வரி. அந்த வரியில் பிழை இருந்தால் தேடல் முழுவதுமே தவறிவிடும்.

அஷ்வின் தேசாயும் கூலம் வாஹிதும் 2007-இல் வெளியிட்ட ‘இன்சைட் இண்டென்ச்சர்’ எண்களுக்குப் பின்னாலிருந்த மனிதர்களை முன்னிறுத்தியது. புகார்களும் வழக்குகளும் அதற்கு வளமான ஆதாரம். எனினும் புகார் சொன்னவரும் குற்றம் சாட்டப்பட்டவருமே இத்தகைய கோப்புகளில் அதிகம் இடம்பெறுவர். ஒப்பந்தக் காலத்தைச் சச்சரவின்றி முடித்து, காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த குடும்பத்தை அங்கே காண்பது அரிது.

பட்டியலின் இயல்பு

பட்டியலும் ஒருவகையில் வாய்மொழிச் சான்றுதான். ஒருவர் வாயால் சொன்னதை இன்னொருவர் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் பதிந்தார். முனுசாமி, மூன்சாமி ஆனது அப்படித்தான். ‘புதூர்’ என்று ஊர்ப்பெயர் சரியாகவே பதிவாகியிருந்தாலும், தாலுகா தெளிவாக இல்லாவிட்டால் பயனில்லை. தமிழ்நாட்டில் புதூர்கள் ஏராளம். அரசுக்குத் தேவைப்பட்ட விவரங்களான எண், உயரம், தழும்பு ஆகியவற்றை ஆளைப் பார்த்தே சரிபார்க்க முடிந்தது. சாதி, ஊர், தந்தை பெயர் ஆகியவற்றுக்கு வந்தவர் சொன்ன சொல்லே ஆதாரம்.

நினைவின் இயல்பு

குடும்ப நினைவிலும் மறைப்புகள் உண்டு. தமிழருக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லாததால், தந்தையின் பெயரோ சாதிப் பட்டமோ அந்த இடத்தைப் பிடித்தது. பிள்ளை, கவண்டர், மூட்லி, படையாச்சி எனும் பெயர்களை வைத்து மட்டும் முன்னோரின் சாதியைத் தீர்மானிக்க இயலாது. கடல் கடந்தபின் பட்டத்தை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஒப்பந்தக் கூலியாக வந்ததை மறைத்து, சொந்தச் செலவில் வணிகத்துக்கு வந்ததாகச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. தனியாகக் கப்பலேறிய பெண்களைப் பட்டியல் காட்டுகிறது. வீட்டுக் கதைகள் பெரும்பாலும் ஆண் முன்னோரிடமிருந்தே தொடங்குகின்றன.

ஆனால் குலதெய்வம், தீமிதி வேண்டுதல், வேலை செய்த கரும்புத் தோட்டம், உடன்வந்தவர் யார் என்பன போன்ற செய்திகளை நினைவே காத்துவந்துள்ளது. பட்டியலின் ஊர் வரி மங்கலாக இருக்கும்போது, குலதெய்வத்தின் பெயர் தேடவேண்டிய வட்டாரத்தைச் சுருக்கித் தரக்கூடும்.

மதிப்பீடு

ஆவணமா, நினைவா என்ற கேள்வியே தவறானது. ஒவ்வொரு தகவலையும் தனித்தனியே எடுத்து, யார் கேட்டார், யார் சொன்னார், யார் எழுதினார், எதற்காக என்று பார்க்க வேண்டும். பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு ஒருவரை முன்னோர் என்று முடிவுசெய்யக் கூடாது. திருமணம், இறப்பு போன்ற பிற்காலப் பதிவுகளில் அதே எண் வருகிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. எண் ஒத்து, கதை ஒவ்வாதபோது கதையைத் தள்ளிவிடக் கூடாது. அக்குடும்பம் எதை மறைக்க விரும்பியது, ஏன் என்று அங்கே கேட்க வேண்டும். ஒப்பந்த வாழ்வின் அவமானத்தையும் சாதியின் சுமையையும் அம்மக்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதற்குப் பட்டியலில் பத்தி இல்லை. மாற்றிச் சொல்லப்பட்ட அந்தக் கதையில்தான் அதற்கான தடயம் இருக்கிறது.