பெயரும் நிலைபேறும்: வலை நியமங்களின் முகவரியிடல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

வலை நியமங்களுக்கு முகவரி இடும் முறை, தொழில்நுட்பவியலாளர் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் சிறு விடயமாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு நூலுக்கு எப்பெயர் இடுவது, அப்பெயர் எப்பாடத்தைச் சுட்டுவது, அதனை மாற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளது ஆகிய வினாக்கள் மூலபாடத் திறனாய்விற்கும் உரியனவாகும். அந்நோக்கில், 1994 இல் தோன்றிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பெயரிடல் மரபினையும், அதற்குரிய கொள்கை விளக்கமெனக் கொள்ளத்தக்க ரிம் பேர்னர்ஸ்-லீயின் கட்டுரையினையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் கருத்தை நிலைநாட்ட 1998 இல் எழுதப்பட்டது அக்கட்டுரை. முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதரே அவற்றை மாற்றுகின்றனர் என்பது அதன் அடிநாதம். ஆசிரியர் பெயர், பொருட்பகுப்பு, ஆவணத்தின் தகுதிநிலை, கோப்பின் வகை ஆகியன காலப்போக்கில் மாறக்கூடியவை. ஆதலின் அவை முகவரியில் இடம்பெறலாகாது. ஆக்கப்பட்ட காலமோ மாறாதது. ஆதலின் அது இடம்பெறலாம். பொறியின் மீது சுமத்தப்பட்ட பழியை மனிதரின் பொறுப்பாக மாற்றியமை இக்கட்டுரையின் சிறப்பு எனலாம். எனினும், நிலைபேற்றைத் தனிமனிதரின் தொலைநோக்கிற்குரிய ஒன்றாகவே அது பெரிதும் காண்கிறது. களப்பெயர் என்பது காலத்துக்குக் காலம் கட்டணஞ் செலுத்திப் பேணப்படுவது. நிதி முடை ஒன்றைத் தவிர வேறு தடையில்லை எனக் கட்டுரையாசிரியர் கூறிச் செல்கின்றார். நிதிவளங் குன்றிய நிறுவனங்களுக்கு அவ்விதிவிலக்கே பொதுவிதியாகிவிடும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கூட்டமைப்பின் நடைமுறையை நோக்குவோம். அங்கு நியமமொன்றுக்கு இருவகை முகவரிகள் உண்டு. திகதியுடன் கூடியது குறித்த ஒரு பாடத்தையே என்றும் சுட்டும். திகதியற்ற குறும்பெயர் அவ்வப்போதைய இறுதிப் பாடத்தைச் சுட்டும். எக்ஸ்.எம்.எல். நியமத்தின் முதற் பாடம் 19980210 என்னும் எண்வரிசையைத் தாங்கி நிற்பது முதல்வகைக்கு எடுத்துக்காட்டு. அதே முகவரியில் ‘பரிந்துரை’ என்னும் தகுதிநிலையைக் குறிக்கும் எழுத்துக்களும் உள்ளன. தகுதிநிலையை விலக்குக என்ற கொள்கைக்கு இது முரணானது. 1997 இல் பரிந்துரையான எச்.ரி.எம்.எல். 3.2, 2018 இல் வழக்கிறந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன் பழைய முகவரியோ பரிந்துரை என்னும் அடையாளத்தை இன்னும் சுமந்து நிற்கிறது.

இருவகை முகவரிகளுக்குமிடையிலான வேறுபாட்டின் முழுப் பொருளையும் எக்ஸ்.எம்.எல். 1.0 இன் வரலாறு புலப்படுத்துகிறது. உறுப்புகளுக்குப் பெயரிடற்குரிய எழுத்துக்களை அதன் முதற்பதிப்பு யூனிகோட் 2.0 இன் அடிப்படையில் வரையறுத்தது. தமிழ் எழுத்துக்கள் அவ்வரையறைக்குள் அடங்கின. சிங்களம் 1999 இல் வெளியான யூனிகோட் 3.0 இலேயே சேர்க்கப்பட்டமையால், அவ்வெழுத்துக்களாற் பெயரிடல் இயலாததாயிற்று. கெமர், பர்மிய எழுத்துக்களின் நிலையும் அதுவே. இக்குறையைக் களைய 2004 இல் 1.1 என்னும் புதிய எண்ணுடன் வந்த நியமம் பரவலான வழக்குப் பெறவில்லை. ஈற்றில், 2008 நவம்பர் 26 இல் வெளியான ஐந்தாம் பதிப்பு, 1.0 என்ற எண்ணை மாற்றாமலே விதியைத் தளர்த்திற்று. விளைவாக, முன்னைய பதிப்புகளின்படி பிழையான ஆவணம் ஐந்தாம் பதிப்பின்படி சரியானதாயிற்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

இம்மாற்றம் நீதியானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் குறும்பெயர் மட்டுமே எஞ்சியிருப்பின், பத்தாண்டுகளாகச் சில மக்களின் எழுத்துக்கள் புறத்தே நிறுத்தப்பட்டிருந்தமைக்குச் சான்றே இராது. திகதியிட்ட முகவரியே அச்சான்றைக் காத்து நிற்கிறது.

பெயர் இடத்தைச் சுட்டுவதா, பொருளைச் சுட்டுவதா என்னும் மயக்கமும் ஈண்டு எழுகிறது. எக்ஸ்.எச்.ரி.எம்.எல். பெயர்வெளியின் முகவரியில் 1999 என்னும் ஆண்டு உறைந்துள்ளது. எழுத்தெழுத்தாக ஒப்பிடப்படும் பெயராதலின் அதில் ஓரெழுத்தையேனும் மாற்றவியலாது. பெயரை இடமெனக் கொண்ட மென்பொருள்கள், ஆண்டுக்கணக்கில் மாறாதிருந்த கோப்புகளை வேண்டி, ஒரே நாளில் 130 மில்லியன் தடவை வரை கூட்டமைப்பின் வழங்கிகளை அணுகியமை 2008 இல் வெளியிடப்பட்டது.

இன்று எச்.ரி.எம்.எல்., பதிப்பெண் இல்லாத ‘வாழும் நியமம்’ ஆகிவிட்டது. 2019 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அதன் மூலபாடத்தைப் பேணும் பொறுப்பு வட்விக் எனப்படும் குழுவினதாயிற்று. அதனை நெறிப்படுத்துவோர் அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ற், மொசில்லா ஆகிய நான்கு உலாவி உற்பத்தியாளரே. பழைய நிலைகள் அங்கும் சேமிக்கப்படுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மேற்கோளுக்குரிய பெயர் திகதியற்றதாக இருக்கையில், நேற்றைய விதியின்படி எழுதியவர் இன்று பிழைபட்டவராகத் தோற்றுவார். இதற்கு மாறாக, 1969 முதல் எண்ணிட்டு வெளிவரும் ஆர்.எப்.சி. ஆவணங்கள் வெளியிடப்பட்டபின் திருத்தப்படுவதில்லை. எச்.ரி.ரி.பி. பற்றி 1999 இல் வந்த 2616 ஆம் ஆவணம், 2022 இல் 9110 வந்த பின்னரும் அவ்வாறே உள்ளது.

நியமங்கள் வளரவேண்டும், அதற்குத் திகதியற்ற பெயர் வேண்டும். நியமங்களை இயற்றியோர் தம் முன்னைய முடிவுகளுக்குப் பொறுப்புக் கூறவும் வேண்டும். அதற்குத் திகதியிட்ட பெயர் இன்றியமையாதது. முன்னையது ஆக்குவோருக்கு வசதி. பின்னையது பயன்படுத்துவோரின் உரிமை. இவற்றுள் ஒன்றைக் கைவிட நேரின், கைவிடப்படுவது உரிமையாக இருத்தலாகாது என்பதே எமது துணிபு.