இரு கரைகளின் வாய்மொழி
மட்டக்களப்பு வாவி எமது இலக்கியத்தில் பெரும்பாலும் பாடும் மீன்களாலேயே அறியப்பட்டுள்ளது. சுவாமி விபுலானந்தர் நீரர மகளிர் என்னும் கற்பனையால் அதற்கு நிலையானதோர் இலக்கிய உருவம் தந்தார். அதன்பின் வாவி பெரிதும் இசையாகவும் நிலவொளியாகவுமே கவிதையில் இடம்பெறலாயிற்று. ஆயின், அவ்வாவியில் வலைவீசியும் அதன் ஓரத்தில் வயல்செய்தும் வாழ்வோர் தம்முள் நாள்தோறும் பரிமாறிக்கொள்ளும் பேச்சு, திறனாய்வின் எல்லைக்குள் இன்னும் போதியளவு கொண்டுவரப்படவில்லை. எந்தக் காற்றில் தோணி இறக்கலாகாது, எந்த மழையை நம்பி விதைக்கலாம் என்னும் மொழிகள் வெறும் தகவல்களல்ல. அவை ஒரு மக்கட்கூட்டம் தன் அனுபவத்தைச் சொல்லாக்கும் முறையாகும்.

வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. பிரதேச வழக்குகளையும் பாடல்களையும் வழிபாட்டு மரபுகளையும் ஒருங்கே நோக்கிய அந்நூலின் பணி பெரிது. அது காட்டிய பரப்பிலிருந்து திறனாய்வு தனக்கென எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் காதற் கவிகளும் தாலாட்டும் ஒப்பாரியுமே. பெண்ணின் ஒப்பாரி இலக்கியமாயிற்று. பிள்ளைப்பேற்றுப் பத்தியம்பற்றி அவள் மற்றொருத்திக்குச் சொன்ன சொல் இலக்கியமாகவில்லை. அழகுணர்ச்சி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டமையின் விளைவு இது.

இவ்வனுபவ மொழியின் தனித்தன்மை யாது? கண்ணகி வழக்குரைக்கு ஏடு உண்டு. அதனைப் பாடுதற்குக் கோயிலும் காலமும் உண்டு. கூத்துக்கு அண்ணாவியார் உண்டு. அனுபவ மொழிக்கோ ஏடுமில்லை, தலைமைப்பீடமுமில்லை. கேட்டவர் செய்துபார்க்கிறார், பொருந்தினால் மற்றவருக்குச் சொல்கிறார், பொருந்தாவிடின் திருத்திச் சொல்கிறார். பயன்பாடே அதன் பதிப்பாசிரியர் எனலாம்.

இடமும் காலமும் நீங்கின் அதன் பொருளும் நீங்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழகத்து உழவர் பழமொழி. வடகீழ்ப் பருவமழையை நம்பிய மட்டக்களப்பு மானாவாரி உழவனுக்கு அது உதவாது. அவன் விதைப்பது புரட்டாதி, ஐப்பசியில்; அவனுக்கு ஆடி வரண்ட மாதம். பழமொழித் திரட்டுகள் இத்தகைய மொழிகளை இடம் சுட்டாது அடுக்கிவைக்கும்போது, அனுபவம் வெறும் அணியாகிவிடுகின்றது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. இவ்வறிவு ஒரே குரலுடையதன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியின் முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைத்துவிடுவதுண்டு. மாரியில் வெள்ளம் பெருகும்போது அதனை எப்போது வெட்டுவது என்னும் வினா எழும். பயிர் அழுகுமுன் வெட்டவேண்டும் என்பது படுவான்கரை உழவனின் வாதம். உட்புகும் உப்புநீரையும், மீன், இறால்களின் போக்குவரவையும் கணக்கிட்டுப் பேசுவான் மீனவன். இரண்டும் அனுபவமே, இரண்டும் உண்மையே. ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இத்தகைய உண்மைகளை ஒருங்கே கேட்பதுதான் இப்பேச்சுமரபு எமக்குக் கற்பிக்கும் முறையியல்.

எனினும், இதனைப் போற்றிப் புகழ்வதோடு அமைதல் திறனாய்வாகாது. தலைமையில்லாப் பேச்சிலும் சமுதாய ஏற்றத்தாழ்வு உண்டு. போடியார் சொன்னால் அறிவுரை, கூலியாள் சொன்னால் வாய்க்காரத்தனம் என்னும் நிலை வயல்வெளிக்குப் புதியதன்று. அனுபவத்திற்கும் எல்லை உண்டு. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியின் நினைவு, காற்றுக்கு அஞ்சும் அறிவை எழுவான்கரைக்குத் தந்திருந்தது. 2004 டிசெம்பர் 26இல் கடல் எழுந்தபோது, உயிரோடிருந்தோர் எவர் நினைவிலும் அதற்கு முன்னுதாரணம் இருக்கவில்லை. வாய்மொழி அறிவு வாழ்ந்தறிந்ததையே சொல்லும். வாழ்ந்தறியாததற்கு நூலறிவும் விஞ்ஞானமும் துணைவேண்டும்.

இவ்வறிவு பரவிய களங்களும் மாறிவருகின்றன. மண்முனைத்துறையில் பாதைக்காகக் காத்திருந்தோரிடையே இரு கரைகளின் செய்தியும் கைமாறின. 2014இல் பாலம் திறக்கப்பட்டபின் அக்காத்திருப்பு இல்லை. நோயாளி விரைந்து வைத்தியசாலை அடைவதைவிடத் துறைப்பேச்சு பெரிதென எவரும் கூறார். பழைய களத்துக்காக இரங்குவது எம் வேலையன்று. பேச்சு எங்கு இடம்பெயர்ந்துள்ளதென அறிவதே எம் வேலை.

ஆகவே, நாட்டார் வழக்காறு சேகரிக்கச் செல்லும் மாணவர் பாடலை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புதல் போதாது. யார், யாருக்கு, எந்தப் பருவத்தில், எதன்பொருட்டுச் சொன்னார். கேட்டவர் அதனை ஏற்றாரா, மறுத்தாரா என்பனவும் எழுதப்படவேண்டும். மறுப்பும் திருத்தமும் இன்றிப் பதியப்படும் அனுபவ மொழி பாதி மொழியே. வாவியின் மீன்கள் பாடுகின்றனவா என்று இலக்கியம் நெடுங்காலம் செவிசாய்த்துவிட்டது. அதன் இரு கரைகளிலும் மக்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திறனாய்வு அதற்கும் செவிசாய்த்தல் வேண்டும்.