சாய்வு நாற்காலி: யாருக்கான சுகம்?

கொடைக்கானல் மலையில், அட்டுவம்பட்டி வீடொன்றின் தாழ்வாரத்தில், துரைமார் காலத்து வடிவிலமைந்த சாய்வு நாற்காலியில் அமர்ந்தோம். கைப்பிடிக்கு அடியிலிருந்து நீளும் சட்டங்கள் கால்களைத் தாங்குகின்றன. சரிந்த பிரம்புப் பின்னல் முதுகை ஏந்துகிறது. இதன் அழகு ஒட்டவைத்த அலங்காரமன்று, பயன்பாட்டிலிருந்தே பிறந்தது.

ஆயினும் குறைகள் இரண்டு. வெப்பநிலத்துக் காற்றோட்டத்திற்கேற்ற பின்னல், இங்கே மலைக்குளிரை முதுகில் இறக்குகிறது. அதனினும் பெரிய குறை, எழுவது கடினம் என்பதே. ஏவலுக்கு ஆளுள்ளவருக்கே இவ்வடிவம் பொருந்தும்.

இவ்வுண்மையை நம் இலக்கியம் முன்பே கண்டது. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ நாவலில், முஸ்தபாகண்ணு சாய்ந்தே கிடக்க, வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. அமர்ந்தவருக்கு ஓய்வளித்து, மீண்டும் எழவும் துணைசெய்யும் இருக்கையே சிறந்த வடிவம் என்போம்.