பண்ணைத் தாம்போதியில் ஒரு சோமர்செற்

"தம்பி, முதலாம் கியருக்குக் கார் முழுக்க நிக்கோணும். உருளேக்கை போட்டால் பல்லுக் கத்தும்" என்று சொல்லித் திறப்பை என் கையில் வைத்தார் அண்ணை. கொக்குவிலில் அவர் வீட்டு மாமரத்தடியில் நின்றது 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சோமர்செற். கறுப்பு நிறம். ஈ.எல். என்ற எழுத்துகளோடு இலக்கத்தகடு. ஸ்ரீ இலக்கங்கள் வருவதற்கு முன்பே பதிவான கார் என்பதற்கு அதுவே சாட்சி. மூன்று நாள் அதை ஓட்டினேன்: நல்லூர் ஒழுங்கைகளில் ஒரு நாள், காங்கேசன்துறை வீதியில் ஒரு நாள், பண்ணைத் தாம்போதி கடந்து வேலணைக்கு ஒரு நாள்.

அவர் சொன்னது சரிதான். முதலாம் கியரில் சிங்க்ரோமெஷ் இல்லை. மேல் மூன்று கியருக்கும் உண்டு. கியர்த்தடி ஸ்ரேறிங்கோடு ஒட்டி நிற்கிறது. தரையில் தடி இல்லாததால் முன் சீற்றில் மெலிந்த மூன்று பேர் நெருங்கி இருக்கலாம். முதல் நாள் காலை கை தடியைத் தேடித் தரைக்குப் போனது, மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது அவசரப்படக் கூடாது. நடுவில் ஒரு மூச்சு விட்டுத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழும்.

எஞ்சின் 1200 சிசி, நாலு சிலிண்டர், 42 குதிரைவலு. புதிதாக இருந்த காலத்தில் உச்ச வேகம் மணிக்கு 70 மைல் அளவில். அறுபது மைலைத் தொட அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இன்றைய கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது? தட்டையான நிலத்தில் இந்த எஞ்சினின் குணம் நன்றாகத் தெரிகிறது. மூன்றாம் கியரில் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கி, மறுபடி மிதித்தால் முனகாமல் இழுத்துக்கொண்டு போகிறது. சந்திக்குச் சந்தி கியர் மாற்றுகிற வேலை இல்லை. மணிக்கு 40 மைலில் காருக்கும் எனக்கும் ஒரே நிம்மதி. அதற்கு மேலே சத்தமும் ஸ்ரேறிங்கின் ஆட்டமும் கூடுகின்றன.

பிறேக் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. இதற்கு முந்திய டெவனில் முன் சில்லுகளுக்கு மட்டும்தான் திரவ பிறேக். பின் சில்லுகளைக் கம்பிகள் இழுத்தன. சோமர்செற்றில் நாலு சில்லுக்கும் திரவம். அந்தக் காலத்துக்கு நல்ல முன்னேற்றம். என்றாலும் நாலும் ட்ரம் பிறேக்தான். முன்னால் போகும் ஓட்டோ சட்டென்று நின்றால் இந்தக் கார் சட்டென்று நிற்காது. நாச்சிமார் கோயிலடியில் ஒருதரம் நெஞ்சு பதறியது. வேலணையிலிருந்து திரும்பும்போது மூன்று தரம் அழுத்தி மிதித்த பின் கார் இடப்பக்கம் இழுத்தது. அண்ணை ஸ்குறூட்றைவரோடு கீழே படுத்துப் பத்து நிமிடத்தில் சரி செய்தார். மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது. இந்தக் காரை வாங்க நினைப்பவர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும், அல்லது கற்ற ஒருவரைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. மத்தியான வெயிலில் எஞ்சின் சூடு காலடிக்கு ஏறுகிறது. சீற் பெல்ற் இல்லை. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள தூணிலிருந்து எழும்புகிற கைகாட்டி அழகானது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. அதனால் பம்பருக்கு மேலே இரண்டு சிக்னல் விளக்குகள் பூட்டியிருக்கிறார். நல்ல முடிவு. பற்றரியின் நேர் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கிறது, இன்றைய கார்களுக்கு நேர்மாறாக. தெரியாமல் யாராவது புது றேடியோ பூட்டினால் கருகிவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

போர் முடிந்த பிரித்தானியாவுக்கு வெளிநாட்டுச் செலாவணி அவசரமாகத் தேவைப்பட்டது. கார் செய்து ஏற்றுமதி செய்கிற கம்பனிக்குத்தான் அரசு இரும்பை ஒதுக்கியது. உள்ளூர்க்காரர் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க, பேர்மிங்ஹாமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து ஏ40கள் கப்பல் கப்பலாக வெளியே போயின. 1950ஆம் ஆண்டளவில் உலகத்திலேயே அதிகமாகக் கார் ஏற்றுமதி செய்த நாடு பிரித்தானியா. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட சோமர்செற்கள் 1,73,000க்கு மேல். இந்தக் கறுப்புக் கார் அவற்றுள் ஒன்று. அந்த நாட்களில் பிரித்தானியாவில் கிடைத்த பெற்றோலும் மட்டமானது. போர்க்காலத்தில் எல்லாக் கம்பனிகளின் எண்ணெயையும் ஒன்றாகக் கலந்து விற்றார்கள். 1953 வரை அதுதான் நிலைமை. அந்தப் பெற்றோலிலும் இடிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக எஞ்சினின் அழுத்த விகிதத்தை 7.2க்கு 1 என்று தாழ்வாக வைத்தார்கள்.

அந்த எண்தான் நாற்பது வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் கைகொடுத்தது.

1990இல் உள்நாட்டுப் போரால் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. அப்போது இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் தங்கம் மாதிரிப் பூட்டி வைத்த பெற்றோலில் சில துளியைக் கார்பிறேற்றருக்குள் விட்டு, கைபிடியைச் சுழற்றி ஸ்ராட் பண்ணி, சூடு ஏறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. புகைக்குழாயின் சூடு எரிபொருளை ஆவியாக்க உதவியது. அழுத்தம் கூடிய புது எஞ்சினாக இருந்தால் மண்ணெண்ணெய்க்கு இடித்து நொறுங்கியிருக்கும். ஏ40 இருமிக்கொண்டே ஓடியது.

அதற்கு விலையும் கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வழிந்து ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு. பிளக்குகளில் கரி. தெரு முழுக்கப் புகை. பிள்ளைப்பேற்றுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்களும் அந்தப் புகையோடுதான் போனார்கள். "ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டேக்கை உள்ளுக்கை ஒன்பது பேர். அம்மா என்ரை மடியிலை. விடியத்தான் மற்றப் பக்கம் வந்தனாங்கள். எஞ்சினை நிப்பாட்டப் பயம். நிப்பாட்டினால் திரும்ப எடுக்கத் துளிப் பெற்றோலும் இல்லை" என்றார் அண்ணை. இதைச் சொல்லும்போது அவர் கை பொனற்றின் மேல் இருந்தது.

'நன்றாகப் பேணப்பட்ட கார்' என்று விற்பனை விளம்பரங்களில் போடுகிறார்களே, அதற்கு என் கணக்கில் இதுதான் உதாரணம். கூரை இரண்டு தரம் நிறம் பூசப்பட்டது. கதவுகளில் பழைய கறுப்பு மங்கித் தெரிகிறது. சீற்றின் தோல் போய் றெக்சின் வந்திருக்கிறது. அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்து பயனில்லை என்று இந்த ஊர்க் கராஜ்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். இதன் புஷ்கள் பல யாழ்ப்பாணத்து லேத்தில் கடைந்தவை. கண்ணாடி றப்பர்கள் மட்டும் இலண்டனிலிருந்து மருமகனின் சூட்கேசில் வந்தன. புறப்பட்ட நாட்டுக்கே திரும்பிப் போய் வாங்கி வந்த பாகம் அது ஒன்றுதான். இதையெல்லாம் கழற்றி எறிந்து, கப்பலால் இறங்கிய நாள் மாதிரி மினுக்கி நிறுத்தினால் விலை கூடும். எனக்கு அந்தக் கார் வேண்டாம்.

வாங்குபவருக்கு ஒரு குறிப்பு. சோமர்செற்றுக்குத் தனிச் சட்டகம் உண்டு, உடம்பு அதன் மேல் பூட்டியது. கடற்காற்றும் உப்பு மண்ணும் உள்ள ஊர்க் கார் என்றால் நிறத்தைப் பார்க்காதீர்கள். குனிந்து, பின் வில்லுத்தகடுகள் பூட்டியிருக்கிற இடத்தைத் தட்டிப் பாருங்கள். இந்தக் காரில் அங்கே ஒட்டு வைத்திருக்கிறது, தடித்த தகட்டில், ஒழுங்கான வெல்டிங்கில். லீற்றருக்கு ஒன்பது பத்துக் கிலோமீற்றர் ஓடும்.

கனடாவிலிருந்து ஒருவர் இதைக் கேட்டு மூன்று தரம் ஆள் அனுப்பினாராம். நான் திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தரம் ஓட்டலாமா என்று கேட்டேன்.

"ஞாயிறு ஏலாது தம்பி. சட்டநாதர் கோயிலடியிலை ஒரு கலியாணம், மாப்பிளையை ஏத்தோணும். திங்கள் வாரும். வரேக்கை ஒரு கான் ஒயில் வாங்கிக்கொண்டு வாரும்."