நொக்ஸின் நூலும் படத்தில் இல்லாத சோனகரும்

பழைய பயண நூல்களைச் சேர்க்கிறவர்களோடு கதைத்தால் முதலில் வருவது படக்கதைதான். எத்தனை படம், எல்லாம் இருக்கா, வரைபடம் கிழியாமல் இருக்கா? விலையும் அதில்தான் நிற்கிறது. எழுத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. இந்தப் பழக்கத்தால் நமக்கு வரும் நட்டத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

றொபேட் நொக்ஸின் இலங்கை நூலை எடுப்போம். 1660இல் கொட்டியாரக் குடாவில், அதாவது இன்றைய மூதூர்ப் பக்கம், பிடிபட்டவர். கண்டி அரசில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கிடந்து, 1679இல் அருவி ஆற்றின் கரையைப் பிடித்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தார். நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. றொபேட் ஹூக் என்ற விஞ்ஞானி அதற்கு முன்னுரை எழுதினார்.

ஓமந்தையிலிருந்து வாசிக்கிற எனக்கு முதலில் கண்ணில் பட்டது வரைபடம். வடக்கே ‘கொயிலொட் வன்னி’யின் நாடு என்று போட்டிருக்கிறது. நாம் கயிலாய வன்னியன் என்று சொல்கிற பெயர்தான். நொக்ஸ் எங்கள் பக்கம் வரவில்லை; அனுராதபுரம் தாண்டி ஆற்றோடு மேற்கே போய்விட்டார். ஆனாலும் வன்னி அவருக்கு வெறுங்காடாகத் தெரியவில்லை. தனித் தலைவன் உள்ள நாடாகத்தான் தெரிந்திருக்கிறது.

இனிப் படங்கள். இராஜசிங்கன் நிற்கிறான், யானை ஒருவனைக் கொல்கிறது, தாளிப்பனை ஓலையின் கீழ் ஒருவன் மழைக்கு ஒதுங்குகிறான், வயல் உழுகிறார்கள், வேடன் ஒருவன் வருகிறான். சோனகர் யாரும் இல்லை. எழுத்தில் இருக்கிறார்கள்! கண்டியில் சோனக யாத்திரிகருக்கென ஒரு பள்ளி இருந்ததையும், காணியுள்ள ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுத்து வந்ததையும் நொக்ஸ் சொல்கிறார். பௌத்த அரசன் ஒருவன் முன்பு கொடுத்த உரிமை அது. கண்டி முஸ்லிம்களின் வரலாற்றுக்கு இது சின்னச் சான்றா?

பழம்பொருள் வியாபாரிகள் இப்படியான நூல்களைப் பிரித்து, படத்தைத் தனியாகச் சட்டம் போட்டு விற்பது உலகமெங்கும் நடக்கிற வேலை. யானைப் படம் சுவருக்குப் போகும். பள்ளியைப் பற்றிய பக்கம் எங்கே போகும்? 1990 ஒக்டோபரில் வீட்டையும் உறுதியையும் கிதாபுகளையும் விட்டுவிட்டு வெளியேறிய வடபுல முஸ்லிம்களுக்கு, பிறர் எழுதிவைத்த ஒரு வரியும் பெறுமதியானது.

நம்மிடமும் பிழை இருக்கு. 1344இல் இங்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதாவைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரே படத்தைத்தான் போடுகிறோம். அது லியோன் பெனெட் என்ற பிரெஞ்சுக்காரர் 1878இல் ஜூல்ஸ் வேர்னின் நூலுக்கு வரைந்தது, காட்டுவது எகிப்தை. ஐந்நூறு வருடத்துக்குப் பிந்திய கற்பனை முகம். போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை; படத்தின் கீழே வரைந்தவர் பெயரையும் வருடத்தையும் போட்டால் போதும்.

நொக்ஸின் முதற்பதிப்பு வாங்க நம்மில் யாருக்கு வசதி? மறுபதிப்புகள் இருக்கின்றன. தாள் மட்டமானாலும் எழுத்து முழுதாக இருக்கிறது. அந்தப் பள்ளிப் பக்கத்தையாவது யாரேனும் தமிழாக்கி இவ்விதழுக்கு அனுப்பினால், வரைபடத்தின் வன்னிப் பகுதிக்குக் குறிப்பெழுத நான் ஆயத்தம்.