பட்டறை வழியே ஒரு பட்டம்

ஜெர்மனியின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இயந்திரவியல் சேர்கிற மாணவர், வகுப்பு தொடங்கும் முன்போ முதல் சில பருவங்களுக்குள்ளோ, சில வாரங்கள் ஏதாவது ஓர் ஆலையில் நின்று வேலை செய்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 'ஃபோர்பிராக்டிகும்' என்பார்கள். அங்கே அவர் செய்வது பொறியாளர் வேலை அல்ல. இரும்புத் துண்டை வைஸில் கவ்வி அரம் போடுவார், லேத்தில் கடைவார், வெல்டிங், வார்ப்படப் பக்கம் போய் வருவார். சொல்லிக்கொடுப்பவரும் பேராசிரியர் இல்லை, தொழில் பழகி 'மைஸ்டர்' தேர்வில் தேறிய பட்டறைக்காரர். நம் பொறியியல் கல்லூரிகளிலும் முதலாண்டில் ஒர்க்‌ஷாப் உண்டு. ஒரு வி ஜாயிண்டை ராவி முடித்து, ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்காத பொறியாளர் நம்மிடையே குறைவு. ஆனால் அந்தப் பட்டறை கல்லூரிக் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. ஜெர்மன் மாணவர் போவது, சரக்கு செய்து விற்றுப் பிழைக்கிற இடத்துக்கு.

இதில் என்ன பெரிய லாபம்? ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொள்வோம். கணினித் திரையில் அதன் சுவர்களை நேர்செங்குத்தாக வரைந்துவிடலாம். மென்பொருள் மறுப்புச் சொல்லாது. அச்சில் வார்த்ததும் டப்பா உள்ளேயே இறுகிக்கொள்ளும். சுவருக்கு ஓரிரு டிகிரி சாய்வு கொடுத்தால்தான் அது கழன்று வரும். மில்லிங் கருவி சுழலும் உருளை என்பதால், அது குடைந்த பள்ளத்தின் உள்மூலையில் ஒரு சிறு வளைவு நின்றே தீரும். கூர்மூலை வேண்டுமென்றால் வேறு முறைக்கு, கூடுதல் செலவுக்குப் போக வேண்டும். டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் பிசகு, இன்னும் மோசம். எந்த அளவில் துல்லியம் தேவை என்று தெரியாத புதிய பொறியாளர், பாதுகாப்புக்காக டிராயிங் முழுவதும் 0.01 மில்லிமீட்டர் என்று எழுதிவிடுவார். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஜாப், கிரைண்டிங், அளவுச் சோதனை என்று நீண்டுபோகும். வடிவத்தைத் தீர்மானிக்கிறவர் செய்முறையையும் கூடவே தீர்மானித்துவிடுகிறார் என்பதைப் பாடப்புத்தகமும் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் தன் கையால் ஒரு துண்டைக் கெடுத்தவருக்கு அது வேறுவிதமாக உறைக்கும்.

செய்நேர்த்தி ஜெர்மானியருக்குப் பிறவிக் குணம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் 1876இல் ஃபிலடெல்ஃபியா உலகக் கண்காட்சிக்குப் போன ஃபிரான்ஸ் ருய்லோ என்ற ஜெர்மன் பொறியியல் பேராசிரியர், தம் நாட்டுச் சரக்கு மலிவு, மட்டம் என்று ஊருக்கு எழுதி அனுப்பிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். பதினோரு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனி உட்பட வெளிநாடுகளிலிருந்து வரும் பொருள்மீது அதன் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்டதும், மட்டச் சரக்கு நல்ல சரக்காக வேடம் போடுவதைத் தடுக்கத்தான். ஆக, இன்றைய நற்பெயர் கட்டி எழுப்பப்பட்டது. கட்டியதில் கல்விக்குப் பெரிய பங்கு. 1970ஐ ஒட்டி உருவான ஃபாக்ஹோக்‌ஷூலே எனும் செய்முறைப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். அங்கே பேராசிரியராக முனைவர் பட்டத்தோடு பொதுவாக ஐந்தாண்டுத் தொழில் அனுபவமும் வேண்டும். அதில் மூன்றாண்டாவது உயர்கல்வி நிறுவனத்துக்கு வெளியே பெற்றதாக இருக்க வேண்டும். 1970களில் ஸ்டுட்கார்ட்டில் டைம்லர்-பென்ஸ், போஷ் போன்ற நிறுவனங்களின் முயற்சியில் பிறந்த இரட்டைமுறைக் கல்வி இன்னும் ஒரு படி மேலே போனது. மாணவர் சுமார் மூன்று மாதம் வகுப்பில், அடுத்த மூன்று மாதம் நிறுவனத்தில், சம்பளத்தோடு. பாடென்-வுட்டெம்பெர்க் மாநிலத்தில் அது 2009இல் முழு உயர்கல்வி நிறுவனமாகவே ஆனது. இந்த இரட்டைமுறைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரே கம்பெனியின் பழக்கங்களில் ஊறி வளர்கிற மாணவர், அந்தக் கம்பெனி தவறான திசையில் போகும்போது அதைக் கேள்வி கேட்கிற பழக்கத்தை எங்கே பெறுவார்?

இந்தக் கல்வியின் இன்னொரு தூண் முறைமை. கெர்ஹார்ட் பால், வொல்ஃப்காங் பைட்ஸ் இருவரும் 1977இல் வெளியிட்ட வடிவமைப்பு நூலும், ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் விடிஐ 2221 நெறிமுறையும் தலைமுறைகளை உருவாக்கியிருக்கின்றன. முதலில் தேவைகளைப் பட்டியலிடு. பொருள் செய்ய வேண்டிய செயல்களைப் பிரி. ஒவ்வொரு செயலுக்கும் பல வழி தேடு. அவற்றை இணைத்து, மதிப்பிட்டு, பிறகே வடிவத்துக்கு வா. கியர்பாக்ஸுக்கும் பிரஸ்ஸுக்கும் இது அற்புதமான ஒழுங்கு. தேவைப் பட்டியலே தெளிவில்லாத இடத்தில் தடுமாறும். ஃபோக்ஸ்வாகனின் ஐடி.3 மின்கார் 2020இல் சில மென்பொருள் வசதிகள் முடிவடையாமலே வாடிக்கையாளர் கைக்குப் போயிற்று. 2024இல் அந்நிறுவனம் மென்பொருளுக்காக அமெரிக்காவின் ரிவியனோடு கூட்டு வைத்தது. பழியெல்லாம் வகுப்பறைமீது போடுவது அநியாயம்தான். எனினும், எல்லாவற்றையும் முன்கூட்டி வரையறுத்துப் பழகிய மனம், வாரம் ஒருமுறை மாறும் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதில் வியப்பில்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. பொருளுக்கு உருக் கொடுப்பவரும் அதைத் தயாரிக்கத் திட்டமிடுபவரும் அங்கே பெரும்பாலும் வெவ்வேறு கட்டடங்களில் படிக்கிறார்கள். இண்டஸ்ட்ரியல் டிசைன் வேண்டுவோர் போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கொண்டு எஸ்ஸன், ஹாலே போன்ற ஊர்களின் கலைப்பள்ளிகளுக்குப் போகிறார்கள். உற்பத்தி வேண்டுவோர் ஆகன், ஸ்டுட்கார்ட் என்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். டிரெஸ்டன் போல இயந்திரவியலுக்குள்ளேயே வடிவமைப்புக்கும் இடம் தருபவை குறைவு. இந்தச் சுவரை இடிக்க ஒரு காலத்தில் உல்ம் நகரில் ஒரு பள்ளி இருந்தது. இங்கெ ஷோல், ஓட்ல் ஐஷர், மாக்ஸ் பில் மூவரும் தொடங்கிய அந்த உல்ம் வடிவமைப்புப் பள்ளி 1953இல் பாடம் நடத்தத் தொடங்கியது. கலைப்பாடங்களைச் சுருக்கிவிட்டுக் கணிதம், பணியியல், உற்பத்தி முறை என்று கொண்டுவந்தது. நிக் ரோரிஷ்ட் என்ற மாணவர் 1959இல் பட்டத் திட்டமாகச் செய்தது, விடுதிகளுக்கான பீங்கான் பாத்திரத் தொகுப்பு. கோப்பையையும் தட்டையும் கிண்ணத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடம் அடைக்காமல் அடுக்கலாம். 'டிசி 100' என்ற பெயரில் ரோசந்தால் நிறுவனம் அதைத் தயாரித்துப் பல்லாண்டு விற்றது. மாணவர் மேசையிலிருந்து ஆலைக்கு ஒரே கோடு! உட்பூசலும் மாநில அரசு நிதியை நிறுத்தியதும் சேர்ந்து 1968இல் பள்ளியை மூடின. அங்கே படித்துத் திரும்பிய சுதாகர் நட்கர்ணி, 1969இல் பம்பாய் ஐஐடியில் தொழில் வடிவமைப்பு மையத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். ஜெர்மனி தன் பொறியியல் வளாகத்துக்கு வெளியே வைத்ததை, இந்தியா ஒரு பொறியியல் வளாகத்துக்கு உள்ளே வைத்தது.

இப்போது நம் பிள்ளைகளிடம் வருவோம். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இன்று முதலிடம்; 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49,000 பேர் அளவில் இருந்தார்கள். பொறியியல் பக்கம் போகிறவர்களில் பெரும்பாலோர் சேர்வது ஆங்கிலவழி முதுகலைப் படிப்பில். மேலே நான் மெச்சிய எதுவும் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இல்லை. ஃபோர்பிராக்டிகும், பட்டறை மைஸ்டர், நிறுவனத்தில் ஒரு பருவம் எல்லாமே இளங்கலையில், ஜெர்மன் மொழியில் நடந்து முடிந்துவிட்டவை. முதுகலை வகுப்பு அவற்றை முடித்து வந்தவர்களாக எல்லாரையும் கருதிக்கொண்டு மேலே போகிறது. 'வெர்க்ஸ்டுடெண்ட்' எனும் மாணவர் பகுதிநேர வேலை தேடும்போது விஷயம் வெளிப்படும். உற்பத்திக் கூடத்தில் பேச ஜெர்மன் வேண்டும். அது இல்லாதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிமுலேஷன், எக்செல், மாடலிங். இயந்திரத்தைத் தேடிப் போனவர் மீண்டும் திரைமுன் உட்காருகிறார். தேர்வும் இரக்கமற்றது. பெரும்பாலான இடங்களில் ஒரு தாளுக்கு மூன்று முயற்சிதான். கட்டாயத் தாளில் மூன்றாவதும் போனால் படிப்பே போயிற்று. அரியரை எட்டாவது செமஸ்டர் வரை இழுத்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி.

இலவசக் கல்வி என்ற ஈர்ப்பும் தேய்ந்து வருகிறது. பாடென்-வுட்டெம்பெர்க் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25இலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. விசாவுக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட் எனும் முடக்கக் கணக்கில் முதலிலேயே கட்ட வேண்டும். இத்தனையும் கொடுத்துப் போகிறவர், ஒரு வருடம் தாமதமானாலும் நல்ல ஜெர்மனோடும், ஓசூரிலோ அம்பத்தூரிலோ ஒரு டூல்ரூமில் வேலை பார்த்த அனுபவத்தோடும் போனால் பணத்துக்கு மதிப்பு உண்டு என்பது என் கணிப்பு. கல்லூரி முடித்த கையோடு பறப்பவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பட்டறைக் கல்வியே ஒருமுறை நம்மைத் தேடி வந்ததும் உண்டு. மெட்ராஸ் ஐஐடிக்காக 1959இல் பான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, மேற்கு ஜெர்மனி பேராசிரியர்களோடு ஃபோர்மேன்களையும், மையப் பட்டறைக்கும் ஆய்வகங்களுக்கும் வேண்டிய கருவிகளையும் அனுப்பியது. பேராசிரியரோடு பட்டறைக்காரரையும் ஒரு கல்வி ஒப்பந்தம் சேர்த்துக்கொண்டது அபூர்வம். நம் மற்றக் கல்லூரிகள் ஐஐடியிடமிருந்து நுழைவுத்தேர்வு மோகத்தைக் கற்றுக்கொண்டன, இதைக் கற்கவில்லை. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, தொழில்துறை அனுபவசாலிகளை முனைவர் பட்டம் இல்லாமலே 'பிராக்டிஸ் பேராசிரியர்' ஆக்கலாம் என்று வழி திறந்தது. ஆனால் பதினைந்தாண்டு அனுபவம் வேண்டும், அதுவும் உயர்நிலைப் பதவியில் பெற்றதாக இருந்தால் நல்லது. அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது. பணிக்காலம் அதிகபட்சம் நான்காண்டு. கோவையில் முப்பது வருடம் டை செய்தவர் இந்த வாசலில் குனிந்து நுழைந்தாலும், துறையின் பாடத்திட்டம் மாறுவதற்குள் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடும்.